வடக்கு ஜன்னலைப் பற்றி நீ கேட்டதற்கு

மதுரை
தை மாதம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. திருமங்கலம் வீட்டு மாடியில் படம் வரைய அறை கட்டப்போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். கொத்தனார் ஜன்னலுக்கு இடம் விடுவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும். வடக்குச் சுவரில் பெரிய ஜன்னல் ஒன்று போதும், தெற்கை மூடிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். மூடாதே. தெற்கிலும் அதே அளவில் ஒன்று வை. 4 அடி அகலம், 5 அடி உயரம்.

வடக்கு வெளிச்சத்தில்தான் வரைய வேண்டும் என்று நாம் படித்த விதி ஐரோப்பாவில் உண்டானது. அங்கே வருஷம் முழுக்க உச்சி வேளைச் சூரியன் தெற்கேதான் நிற்கும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைக்குள் இருக்கிறது. சித்திரை பிறந்த ஓரிரு நாளில், ஏப்ரல் 16 வாக்கில், உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. பிறகு வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் 27 வாக்கில் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே இறங்குகிறது. இடைப்பட்ட நாலு மாதத்துக்கு மேல் காலையிலிருந்து அந்தி வரை சூரியன் வடக்குப் பக்கம்தான். அப்போது தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழவே விழாது. புத்தகம் சொல்கிற ஆடாத, அசையாத வெளிச்சம் அந்த மாதங்களில் நமக்குத் தெற்கிலிருந்துதான் வரும். புரட்டாசி முதல் வாரத்திலிருந்து பங்குனி முதல் வாரம் வரை வடக்கு ஜன்னலுக்கு மாறிக்கொள். படத்தைத் தாங்கும் ஈஸலைத் திருப்பிப் போடுவது மட்டும்தான் வேலை.

ஆனியில் வடக்கு ஜன்னலையும் பயன்படுத்தியாக வேண்டும் என்றால் 2 அடி சன்ஷேடு உச்சி வெயிலைத் தடுத்துவிடும். ஏனென்றால் சூரியன் அப்போது நேர் மேலிருந்து 13 பாகை அளவுக்குத்தான் வடக்கே சாய்ந்திருக்கும். தொல்லை காலையும் மாலையும் சரிவாக வரும் வெயிலில். அதற்கு ஜன்னலின் கிழக்கு ஓரத்திலும் மேற்கு ஓரத்திலும் 2 அடி நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி செங்குத்துப் பலகை வைக்கச் சொல்.

இன்னும் இரண்டு விஷயம் இந்த அறையைப் பற்றி. எதிர் வீட்டுச் சுவருக்கு என்ன பெயின்ட் என்று பார். நம் ஊரில் பச்சையும் ஆரஞ்சும் அடிக்காத வீடு குறைவு. அந்தச் சுவரில் பட்டு வருகிற வெளிச்சம் உன் கேன்வாஸில் இருக்கிற எல்லாச் சாம்பல் நிறத்தையும் பச்சையாகக் காட்டும். நீ அதைச் சரிசெய்வதாக நினைத்துச் சிவப்பைக் கூட்டுவாய், வெளியே எடுத்துப் பார்த்தால் முகம் செம்பு மாதிரி இருக்கும். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளை மல் துணி ஒன்று கட்டினால் இது பாதிக்கு மேல் குறையும். அடுத்தது தரை. சிவப்பு ஆக்ஸைடு போடாதே. உட்கார்ந்திருப்பவரின் தாடைக்கு அடியில் அந்தச் சிவப்பு ஏறும். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் நாற்காலிக்கு முன்னால் சாம்பல் நிற ஜமுக்காளம் விரித்துவிடு.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், நீ கேட்டிருக்கிற அடுத்த கேள்விக்கும் இதுவே பதில் என்பதுதான். முகம், நிலக்காட்சி, கண்காட்சி மூன்றையும் ஒரு வருஷத்தில் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று கேட்டாய். இந்த ஊரில் சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் நான் பிரிக்கிறேன்.

நிலக்காட்சிக்குக் கார்த்திகை முதல் மாசி வரை. மார்கழியில் உச்சி வேளையிலும் சூரியன் தெற்கே 33 பாகை சாய்ந்திருப்பதால் பகல் முழுக்கப் பக்கவாட்டு நிழல் கிடைக்கும். பாறைக்கு உருவம் கொடுப்பது அந்த நிழல்தான். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் வெளியே வரைவதில் பயன் இல்லை. நிழல் பொருளின் காலடியில் சுருண்டுவிடும், யானைமலை கூட அட்டையில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாகத் தெரியும்.

யானைமலையை மேலூர் ரோட்டுப் பக்கத்திலிருந்து வரைகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பக்கம் தென்கிழக்கைப் பார்த்திருப்பதால் காலை வெயில் அதன் மேல் விழும். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம். பிற்பகலில் அது முழுக்க நிழலுக்குப் போய்விடும். நிழலான மலையும் நல்ல பொருள்தான், ஆனால் அது வேறு படம். காலையில் தொடங்கியதை மாலையில் முடிக்க நினைத்தால் இரண்டும் கெடும்.

வாட்டர் கலரில் அந்தப் பாறைக்கு மூன்று நிறம் போதும்: யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் (ஆழ்ந்த நீலம்). முதல் வாஷ், அதாவது தண்ணீராகப் பரப்பும் மெல்லிய பூச்சு, ஓக்கரில், அதில் பர்ன்ட் சியன்னா கால் பங்கு. மலை முழுக்க ஒரே வீச்சில் போட்டுவிடு. பளபளப்பு போய், ஆனால் தொட்டால் குளிர்ச்சி இருக்கிற நிலையில் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் சம அளவு கலந்து பிளவுகளில் விடு. அதற்கு முன்பே விட்டால் பரவி மலை முழுக்க அழுக்காகும். முழுக்கக் காய்ந்தபின் விட்டால் கோடு போட்டது போல நிற்கும். மழைத் தண்ணீர் வழிந்த இடங்களில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றைக் கடைசியில், தட்டைப் பிரஷ்ஷை ஏறக்குறைய உலர்த்திக்கொண்டு, ஒரே இழுப்பில் போட வேண்டும். மலையின் சரிவு எப்படி வளைகிறதோ அப்படியே பட்டையும் வளைய வேண்டும். நேர்கோடாக இழுத்தால் பாறை சுவராகிவிடும். பெய்ன்ஸ் கிரே என்கிற நீலக் கருஞ்சாம்பல் பக்கம் போகாதே. அடிவாரத்துப் பனை மரங்கள்தான் படத்தில் மிக இருட்டான இடம். அதற்கு இணையான இருட்டு மலையில் எங்கும் இருக்கக் கூடாது, இருந்தால் மலை முன்னுக்கு வந்துவிடும்.

நம் வெயிலில் வாஷ் பாதி வழியிலேயே காய்ந்து விளிம்பு கட்டுவதுதான் எல்லாருக்கும் உள்ள சிக்கல். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்திக் காகிதத்தை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து, ஒரு அக்ரிலிக் தகட்டின் மேல் படியவைத்து வரை. அடியில் இருக்கிற ஈரம் மேலே வந்துகொண்டே இருக்கும். வெளியில் வரையும்போது 11க்கு 15 அங்குலத்தைவிடப் பெரிய காகிதம் வேண்டாம். தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோ. போர்வெல் உப்புத் தண்ணீரில் கரைத்த அடர்த்தியான நிறம் காய்ந்தபின் வெளுத்துத் தெரியும். காகிதமும் பேலட்டும் இரண்டுமே நிழலில் இருக்க வேண்டும். வெள்ளைக் காகிதத்தில் வெயில் அடித்தால் எல்லாம் பிரகாசமாகத் தெரியும், கை தன்னால் நிறத்தை அடர்த்தியாக்கும், வீட்டுக்குள் வந்ததும் படம் இருண்டிருக்கும். குடை வெள்ளையோ சாம்பலோதான், வண்ணக் குடை ஆகாது. ஆடியில் வெளியே போனால் ஈஸலின் நடுவில் கல் நிரப்பிய துணிப்பையைத் தொங்கவிடு. ஆயிலாக இருந்தால் ஆடியில் வெளியே வேண்டவே வேண்டாம், ஈரப் பெயின்டில் புழுதி ஒட்டினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

கீழக்குயில்குடிக்கு உன்னைக் கண்டிப்பாக அழைத்துப்போகிறேன். சமணர் மலை அடிவாரத்தில் ஐயனார் கோயில், ஆலமரம், தாமரைக் குளம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எதை விடுவது என்பதுதான் அங்கே கேள்வி. மூன்றையும் ஒரே தாளில் போட்டால் வாழ்த்து அட்டை ஆகிவிடும். மழை முடிந்த கையோடு போனால் காற்று கழுவிவிட்டது போலிருக்கும். வடக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர் எல்லாம் நீலத்தில் தெளிவாகத் தெரியும். சோழவந்தான் பக்கம் வயலும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் அந்தச் சமயத்தில் பச்சை. அந்தப் பச்சையை டியூபிலிருந்து எடுக்காதே, ஓக்கரும் அல்ட்ராமரைனும் கலந்து, தேவைப்பட்டால் எலுமிச்சை மஞ்சள் ஒரு துளி.

மீனாட்சி அம்மன் கோயில் கோபுரங்களுக்கும் இந்தச் சூரியக் கணக்கு உண்டு. தெற்குக் கோபுரத்தின் வெளிமுகத்தில் ஐப்பசியிலிருந்து மாசி வரை, வானம் தெளிந்திருந்தால், பகல் முழுக்க வெயில். வடக்கே இருக்கிற மொட்டைக் கோபுரத்தின் வெளிமுகத்துக்குப் பங்குனி ஏழு தேதிக்கு மேல் புரட்டாசி வரைதான் நேர் வெயில் உண்டு. அதைச் சுதைச் சிற்பங்களின் நிழலோடு வரைய ஆசைப்பட்டால் ஆனி, ஆடியில் காலை எட்டு மணிக்குள் போக வேண்டும். புரட்டாசிக்குப் பிறகு பங்குனி வரை வானத்தின் நீலம் மட்டும்தான் அதன் மேல் விழும். கோபுரத்தில் அடித்திருக்கிற வண்ணங்களை ஒவ்வொரு சுதையாக எடுத்துப் போடப் புறப்பட்டால் படம் முடியாது, முடிந்தாலும் நிற்காது. முதலில் வெயில் பக்கம் ஒரு நிறம், நிழல் பக்கம் ஒரு நிறம் என்று இரண்டே திரளாகப் போடு. பிறகு கண் முதலில் போகிற இரண்டு அடுக்கில் மட்டும் சுதைகளைத் தொட்டுவிட்டு, மேலே போகப் போக விட்டுவிடு.

1792இல் தாமஸ் டேனியலும் அவர் உடன்பிறந்தாரின் மகன் வில்லியமும் மதுரைக்கு வந்து வரைந்ததைப் பார்த்திருப்பாய். நாயக்கர் மஹால் இடிந்து கிடந்த நிலையில் அதில் இருக்கிறது. கட்டடம் வரைய, காட்சியைத் தாளில் விழவைத்துக் காட்டும் கேமரா அப்ஸ்க்யூரா என்ற கருவி வைத்திருந்தார்கள் என்பதால் அளவு பிசகாது. அவர்கள் நிழலைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும், எந்தத் தூணின் நிழல் எங்கே விழுகிறது என்பதை விடாமல் பிடித்திருக்கிறார்கள். அழகர்கோயில் வசந்த மண்டபத்து விதானத்தில் ராமாயணம் வரைந்த நாயக்கர் காலத்து ஓவியர்களோ தரையில் விழும் நிழலே போடவில்லை, கோடும் தட்டை நிறமுமாக அத்தனை கூட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தால் நல்லது.

இனி முகங்கள். இந்த வருஷம் எனக்கு வந்த வேலையில் பெரும்பகுதி அதுதான்: அறுபதாம் கல்யாணத்துக்கு, கடைத் திறப்புக்கு, காலமானவர்களின் நினைவுக்கு. நேரில் உட்கார வைத்து வரைய ஐப்பசியைப் போன்ற மாதம் இல்லை. வானம் மூடியே இருப்பதால் காலை பத்துக்கு இருந்த நிழல் பிற்பகல் மூன்றிலும் அதே இடத்தில் இருக்கும். ஜன்னலின் கீழ்ப்பாதியைக் கெட்டித் துணியால் மறைத்துவிடு, தரையிலிருந்து 5 அடிக்கு மேலேயிருந்து மட்டும் வெளிச்சம் வரட்டும். நாற்காலியை ஜன்னலிலிருந்து 4 அல்லது 5 அடி தள்ளிப் போட்டு, கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்.

நம் மக்களின் தோலை வரைவதில் எங்கும் பார்க்கிற தவறு, வெளிச்சமான இடத்துக்கு வெள்ளையைக் கூட்டுவது. வெள்ளை கூடினால் நிறம் வெளிச்சமாகாது, சாம்பல் பூத்துவிடும். நடுத்தர நிறத்தை முதலில் கலந்துகொள்: பர்ன்ட் சியன்னா இரண்டு பங்கு, ஓக்கர் ஒரு பங்கு, அல்ட்ராமரைன் அரைப் பங்குக்கும் குறைவு. இதிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும்போது முதலில் ஓக்கரைக் கூட்டு, பிறகு காட்மியம் ஆரஞ்சு துளி, அதன் பிறகே டைட்டேனியம் வெள்ளை. மினுமினுப்பு மட்டும் வேறு கதை. கறுத்த நெற்றியில், மூக்கு நுனியில் மினுங்குவது ஜன்னல் வழியே தெரிகிற வானம். அதனால் அது குளிர்ந்த நிறம்: வெள்ளையில் கோபால்ட் நீலம் கொஞ்சமும் நடுத்தர நிறம் கொஞ்சமும். அந்தக் குளிர்ச்சியை வைத்தால்தான் பக்கத்திலிருக்கிற பழுப்பு சூடாக எழும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் போதும். நெற்றி கொஞ்சம் மஞ்சளாக, கன்னமும் மூக்கும் காதும் சிவப்பாக, தாடை நீலச் சாம்பலாக இறங்கும். கறுத்த தோலில் இந்த வித்தியாசம் நுணுக்கமானது, ஆனால் இருக்கிறது. கண்ணின் வெள்ளை ஒருபோதும் வெள்ளை இல்லை.

"கொஞ்சம் கலரா போடுங்க" என்று கேட்காத வீடு இல்லை. நான் போடுவதில்லை, நீயும் போடாதே மாப்ள. அப்பாவின் நிறத்தை மாற்றினால் அது அப்பா இல்லை. அவர்கள் உண்மையில் கேட்பது முகம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதைத்தான். அதற்குப் பின்னணியை முகத்தின் நிழலைவிட இருட்டாக்கு, வெள்ளைச் சட்டையை நெற்றி மினுமினுப்பைவிட ஒரு படி அடக்கி வை. தோலில் எதையும் தொடாமல் முகம் ஒளிரும், வீட்டாரும் ஒத்துக்கொள்வார்கள்.

விபூதியைக் கடைசியில், நெற்றி காய்ந்த பிறகு போடு. நெற்றியின் வளைவோடு மூன்று பட்டையும் வளைந்து, நிழல் பக்கம் போகும்போது நீலச் சாம்பலாக மங்க வேண்டும். நகைக்குத் தங்க நிறம் வாங்காதே. ஓக்கர், பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பு, ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி.

நினைவுப் படங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் போட்டோ. 35க்கு 45 மில்லிமீட்டர். அதை 24 அங்குல உயரத்துக்குக் கொண்டுபோனால் 13 மடங்குக்கு மேல் பெரிதாகிறது. கண் இமையின் கோடு, உதட்டின் ஓரம் எதுவும் அதில் இருக்காது. பழைய ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவிலேயே சுருக்கங்களையும் தீட்டி எடுத்திருப்பார்கள். கல்யாணக் குரூப் போட்டோ, உடன்பிறந்தவர்களின் படம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கு. காதும் மூக்கின் அடிப்பகுதியும் உடன்பிறந்தவரிடம் அப்படியே இருப்பது உண்டு. பழைய பிரின்டை செல்போனில் எடுத்து அனுப்பினால் வாங்காதே, போன் கொஞ்சம் சாய்ந்தாலும் முகம் ஒடுங்கிவிடும், ஸ்கேன் செய்யச் சொல். உயிரோடு இருப்பவரை போனில் எடுப்பதானால் 8 அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம். கை நீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்திருக்கும்.

ஆயிலுக்கு வருகிற சிக்கல் எல்லாம் அவசரத்தில் வருவது. அறுபதாம் கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் ஆயில் வேண்டாம், அக்ரிலிக் என்று சொல்லிவிடு. சீக்கிரம் காயவைக்கிற டிரையரைக் கூட்டி ஊற்றினால் பின்னால் வெடிக்கும். அக்ரிலிக் நம் ஊரில் பேலட்டிலேயே இறுகும், தட்டில் ஈரத் துணி, அதன் மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் கலந்துகொள். காயும்போது ஒரு படி இருண்டுபோகும் என்பதையும் கணக்கில் வை. ஆயிலில் கீழ்ப்படலம் அம்பரும் டர்பன்டைனுமாக மெலிதாக இருக்கட்டும், மேலே போகப் போக எண்ணெய் கூடட்டும். அம்பர் சீக்கிரம் காயும், ஐவரி பிளாக் கறுப்பும் அலிசரின் சிவப்பும் ரொம்ப நாள் எடுக்கும். அலிசரின் வாங்கும்போது டியூபில் நிறமிக் குறியீடு பிஆர் 83 என்றிருந்தால் விட்டுவிடு, வெளிச்சத்தில் வெளுக்கும். பிவி 19 என்று போட்டதை எடு. வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். மாலை போடுகிற படமாக இருந்தால், வீட்டில் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள், ஊதுபத்திப் புகையும் படியும். அதனால் ஆயிலாக இருந்தாலும் நன்றாகக் காய்ந்தபின் கால் அங்குல இடைவெளி விட்டுக் கண்ணாடி போட்டுக்கொடு.

கண்காட்சி பங்குனியில். மண்டபத்துச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், இரும்புக் கம்பி வலைத் தட்டிகளும் எஸ் கொக்கிகளும் ஏற்பாடு செய்திருக்கிறோம். எல்லாப் படத்தின் நடுவும் தரையிலிருந்து 57 அங்குலத்தில் வரும். பிரேம் 20 அங்குல உயரம், கயிறு இழுபட்டு நிற்கிற இடம் மேல் விளிம்புக்கு 3 அங்குலம் கீழே என்றால், கொக்கி 64 அங்குலத்தில். இப்படி ஒவ்வொன்றுக்கும் முன்பே எழுதி வைத்தால் தொங்கவிடும் வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். அங்கே இருக்கிற வெள்ளை டியூப் லைட்டில் பர்ன்ட் சியன்னா செத்துப்போகும். 4000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் உள்ள எல்இடி வாடகைக்குப் பேசியிருக்கிறோம். வாசலுக்கு எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட வாட்டர் கலரை மாட்டப்போவதில்லை, பார்ப்பவர் தன் முகத்தைத்தான் பார்ப்பார். அங்கே ஆயில்.

வருகிறவர்கள் விலைக்கு முன்னால் கேட்பது எந்த இடம் என்பதைத்தான். அதனால் ஒவ்வொரு நிலக்காட்சிக்கும் அட்டையில் இடம், மாதம், நேரம் மூன்றையும் எழுது. "ஒத்தக்கடை, மார்கழி, காலை 8" என்று இருந்தால் அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிறவர் நின்று சரிபார்ப்பார். அந்தச் சரிபார்ப்பில் நம் படம் தேற வேண்டும் என்பது என் ஆசை.

நீ அனுப்பப்போகிற படங்களைப் பற்றி. வாட்டர் கலர்களுக்குக் கண்ணாடி போடாமல் அனுப்பு, இங்கேயே மவுண்ட் போர்டு வைத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆயிலின் முகத்தில் பபிள் ராப் நேரடியாகப் படக் கூடாது, பார்சல் வண்டிச் சூட்டில் அந்தக் குமிழி வட்டங்கள் பெயின்டில் பதிந்துவிடும். முதலில் வழவழப்பான கிளாசின் பேப்பர், பிறகு அட்டை, அதன் மேல் பபிள். பெரிய கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டுவதானால் வரைந்த பக்கம் வெளியே இருக்க வேண்டும், உருளை 6 அங்குல விட்டத்துக்குக் குறையக் கூடாது. அளவுகளை மட்டும் மாசி பிறப்பதற்குள் எழுதி அனுப்பிவிடு, பிரேம்காரரிடம் மரம் அறுக்கச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்